முந்தானையால் மூடிய முகம்



2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் மூன்றாவது வாரத்தை எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் எளிதில் மறக்க இயலாது. நகரின் நடுவிலேயே இருக்கும் கருணாபுரத்தில், பாக்கெட்டில் அடைத்து விற்கப்பட்ட சாராயத்தைக் குடித்தவர்கள் 19ஆம் தேதி வயிற்றைப் பிடித்துக்கொண்டும், கண் தெரியவில்லை என்று கதறிக்கொண்டும் அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அது உடலுக்குள் சென்றபின் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையே அரித்துவிடும் நஞ்சு. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகள் பிரித்து அனுப்பப்பட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சிதைகளுக்கு அடுத்தபடியாக நாடெங்கும் பரவியவை குழந்தைகளின் முகங்கள். தகப்பனை இழந்த பிள்ளை, தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த பிள்ளை, பாட்டியின் மடியில் முகம் புதைத்து அழும் பிள்ளை. அந்த வாரத்தில் அத்தகைய ஒரு படம் என் கைப்பேசிக்கும் வந்தது. அனுப்பியவர் எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் தாயார். படத்தின் கீழே, ‘இந்தச் சிறுவனுக்கு யாருமில்லை, உங்களால் இயன்றதைச் செய்யுங்கள், குறைந்தது பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்’ என்ற வாசகமும், பணம் செலுத்துவதற்கான க்யூ.ஆர். குறியீடும் இருந்தன. அந்தச் சகோதரி, “ஹஜரத், இதற்கு ஜகாத் பணத்திலிருந்து கொடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார்.

நான் வழக்கமான மார்க்க விளக்கத்தைச் சொன்னேன். ஜகாத்துக்கு உரியவர்கள் இன்னின்னார் என்று திருமறையின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. முஸ்லிமல்லாதவரின் துயர் துடைக்க ஸதகா எனும் பொதுவான தர்மத்திலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கும் முழு நன்மை உண்டு என்றேன். பிறகுதான், எதற்கும் பார்ப்போமே என்று அந்தக் குறியீட்டை என் கைப்பேசியில் காட்டினேன். பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் திரையில் தெரியுமல்லவா? அங்கே ஒரு தனிமனிதரின் பெயர் இருந்தது. அவர் யார், அந்தச் சிறுவனுக்கு என்ன உறவு, எந்த ஊர் என்று எந்தக் குறிப்பும் இல்லை. செய்தியில் தேதி இல்லை. எவ்வளவு பணம் தேவை, எதற்குத் தேவை என்ற விவரமும் இல்லை. கொடுத்திருந்த எண்ணுக்கு இருமுறை அழைத்தேன், எடுப்பாரில்லை.

அதே நாட்களில் தமிழக அரசு அறிவித்திருந்தவற்றைச் சற்று நினைவுகூருங்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய், சிகிச்சை பெறுவோருக்கு 50 ஆயிரம், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும்வரை மாதம் 5 ஆயிரம், அவர்கள் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம், பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு. இவை போதுமா போதாதா என்பது வேறு விவாதம். ஆனால் ‘யாருமில்லை’ என்று எழுதியவர் இதில் ஒரு வரியையும் குறிப்பிடவில்லை. பணம் அனுப்ப வேண்டாம் என்று அந்தச் சகோதரிக்குப் பதில் எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று உறங்கப் போனேன்.

உறக்கம் வரவில்லை. காரணம் பிறகுதான் விளங்கிற்று. பணத்தைப் பற்றி இத்தனை விசாரித்த நான், படத்தைப் பற்றி ஒன்றுமே விசாரிக்கவில்லை! அந்தச் சிறுவனின் முகம் இன்னமும் என் கைப்பேசியில்தான் இருந்தது. அவனுடைய ஒப்புதலை யார் பெற்றார்கள்? பெற்றோரை இழந்து இரண்டு நாள்கூட ஆகாத பிள்ளையிடம் எப்படிப் பெற முடியும்? ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை எந்த ஊடகத்திலும் வெளியிடலாகாது என்று 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டின் சட்டம் இவ்வளவு கவனமாக இருக்கும்போது, மார்க்கம் படித்த நாம் ‘ஐயோ பாவம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அந்த முகத்தைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம்.

சில நாட்கள் கழித்து ஜமாஅத்தைச் சேர்ந்த இருவருடன் கருணாபுரம் சென்றேன். அரிசியும் சில பாத்திரங்களும் கொண்டுபோனோம். தெருமுனையில் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க எந்த டி.வி. சார்?” என்று கேட்டார். டி.வி. இல்லை ஐயா, சும்மா பார்க்க வந்தோம் என்றதும், “அப்ப வாங்க, உக்காருங்க” என்று நகர்ந்து இடம்விட்டார். எதிர்வீட்டில் ஒரு பெண் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். என்னுடன் வந்தவர், “உதவி செய்ய வந்தவர்களிடம் இப்படியா?” என்று முணுமுணுத்தார். எனக்கோ அந்தச் சாத்திய கதவு வேறொன்றை நினைவூட்டியது. அதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் பள்ளிவாசலில் ரமளானை ஒட்டி ஏழைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழம் அடங்கிய பைகளை வழங்கினோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் அனுப்பிய பணம். அவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று கமிட்டியில் பேசி, அந்தப் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். வரிசையில் வந்த ஒரு நன்னிமா பையை வாங்கும்போது முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே, “நன்னிமா, கொஞ்சம் இப்படிப் பாருங்க” என்றேன். அவர் தாழ்ந்த குரலில், “வேணாம் ஹஜரத், மவளக் கட்டிக் குடுத்த எடத்துல பாத்துருவாங்க” என்றார். நான் விட்டேனா? “யாரும் பார்க்கமாட்டாங்க நன்னிமா” என்று சொல்லி, முந்தானை சற்றே விலகிய நொடியில் படத்தை எடுத்தும்விட்டேன். மறுநாளே அந்தப் படம் ஊர்க் குழுவில் வந்தது. அடுத்த ஆண்டு வரிசையில் அவர் இல்லை. பையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியபோது, எங்களுக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். தேவை இருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிடாதீர்கள் என்ற கருத்தைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் (2:264) நான் எத்தனையோ முறை மாணவிகளுக்கு விளக்கியிருக்கிறேன். வழுக்குப் பாறையின்மேல் படிந்த மண் ஒரு பெருமழையில் கழுவப்பட்டுப் போவதை அங்கே இறைவன் உவமையாகக் காட்டுகிறான். சில வசனங்கள் தள்ளி, கையேந்தாத ஏழைகளைப் பற்றிய குறிப்பும் வருகிறது (2:273). அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, விவரம் அறியாதவன் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவானாம்; அவர்களின் அடையாளத்தைக் கொண்டு நாம்தான் அறிந்துகொள்ள வேண்டுமாம். இந்த வசனத்தைக் கைப்பேசிக் காலத்தில் வைத்துப் பாருங்கள். தன்மானத்தோடு இருப்பவர் படம் எடுக்க ஒப்பமாட்டார். படம் இல்லையேல் நமக்கு இரக்கம் பிறப்பதில்லை. அப்படியானால் இறைவன் எவரைத் தேடிப் போகச் சொன்னானோ அவரைத் தவறவிடுவதற்கென்றே அமைந்த ஓர் ஏற்பாட்டை அல்லவா நாம் தர்மம் என்று நடத்திக்கொண்டிருக்கிறோம்?

‘வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதென்று இறைவன் சொல்லியிருக்கிறானே’ என்று சிலர் கேட்பீர்கள். ஆம், 2:271இல் அந்த அனுமதி இருக்கிறது. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் அங்கேயே இருக்கிறது. வெளிப்படுத்தலாம் என்ற அனுமதி கொடுப்பவன் தன் தர்மத்தை வெளிப்படுத்துவதற்கு. வாங்குபவரின் முகத்தை வெளிப்படுத்தும் உரிமையை அதிலிருந்து எப்படி எடுத்துக்கொள்வது?

இன்னொரு கேள்வியும் வரும். ஏமாந்துவிட்டால் நம் தர்மம் வீணாகிவிடுமா? இதற்குப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வரும் ஒரு நபிமொழி எனக்கு எப்போதும் ஆறுதல் தருவது. ஒருவர் மூன்று இரவுகள் மறைவாகத் தர்மம் செய்கிறார். விடிந்து பார்த்தால் முதல் நாள் அது ஒரு திருடனிடமும், அடுத்த நாள் ஒரு விபசாரியிடமும், மூன்றாம் நாள் ஒரு செல்வந்தனிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர் சிரிக்கிறது. ஆனால் அந்தத் தர்மத்தால் திருடன் திருட்டை விடலாம், அந்தப் பெண் திருந்தலாம், செல்வந்தன் படிப்பினை பெறலாம் என்று அவருக்கு அறிவிக்கப்படுகிறது. ஆகவே பணத்தை இழந்ததற்காக நாம் அதிகம் கலங்க வேண்டியதில்லை. நம் விசாரணையின் அவசியம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு செய்தியை ஆராயாமல் ஏற்று, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை 49ஆம் அத்தியாயத்தில் (49:6) வருகிறதே, அங்கே கவலை கேட்பவனைப் பற்றியதன்று, யாரைப் பற்றிய செய்தியோ அவர்களைப் பற்றியது. கொடுத்து ஏமாந்தவருக்கு நற்கூலி உண்டு. அனுப்பிப் பரப்பியவர் ஒரு சாட்சியாகிவிடுகிறார்.

படத்தில் இருப்பவர்களுக்கே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் என்ன ஆகும்? இப்படி ஒன்று உண்மையிலேயே நடந்தது. 2012ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி ‘கோனி 2012’ என்ற அரைமணி நேரப் படத்தை அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று வெளியிட்டது. உகாண்டாவில் சிறுவர்களைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனி என்பவனைப் பிடிக்க உலகைத் திரட்டுவது அதன் நோக்கம். ஆறே நாட்களில் பத்துக் கோடி முறை அது பார்க்கப்பட்டது. அவனோ பல ஆண்டுகளுக்கு முன்பே உகாண்டாவை விட்டுப் போயிருந்தான். அதே மாதம், அவனால் பாதிக்கப்பட்ட வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் திறந்தவெளியில் திரை கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் ஆயிரக்கணக்கில் வந்திருந்தனர். அவர்கள் பார்த்ததோ, தங்கள் கதையைவிட அதிகமாக ஓர் அமெரிக்கரும் அவருடைய சிறுமகனும் பேசும் ஒரு படத்தை. கோனியின் பெயர் பொறித்த சட்டையும் சுவரொட்டியும் விற்பனைக்கு என்பதையும் அறிந்தார்கள். கோபம் கிளம்பிக் கல்வீச்சில் முடிந்தது. பத்துக் கோடிப் பார்வைகளில் உணரப்படாத ஒன்று அந்த ஒரு திடலில் உணரப்பட்டது.

இதனால் படம் காட்டி உதவி கேட்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2021ஆம் ஆண்டு ஜூலையில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையின் தசைநார் சிதைவு நோய்க்கு 18 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. அதே நோயால் சக்கர நாற்காலியில் முடங்கியிருந்த அக்குழந்தையின் அக்காள், என் வேதனை என் தம்பிக்கு வேண்டாம் என்று தானே தன் வாயால் கேட்டாள். ஒரு வாரத்துக்குள் தேவையான பணம் திரண்டது. மொத்தம் 46 கோடிக்கும் மேல் வந்து குவிந்தது. ஊர்க்குழு கணக்கை வெளியிட்டது. மிச்சத்தில் இதே நோயுள்ள வேறு குழந்தைகளுக்கும் உதவியது. அவளும் சிறுமிதானே என்ற நெருடல் எனக்கு உண்டு. ஆனாலும் பேசியது நோயை அனுபவித்தவளின் குரல். நோய் எது, மருந்து எது, தொகை எவ்வளவு, பொறுப்பு யார் என்று எல்லாம் தெரிந்திருந்தது. அதே மாதத்தில் மலப்புறம் மாவட்டத்தில் இதே நோயுள்ள ஆறு மாதக் குழந்தை, 16 கோடிக்கு மேல் திரண்ட நிலையில், மருந்து கிடைக்கும் முன்பே இறந்துபோனது. திரண்ட பணம் யாருக்கு உரியது? இப்படி நிதி திரட்டுவதை அரசு மேற்பார்வையிட வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் அப்போது கூறியது. நம்மில் எத்தனை பேர், பணம் கொடுத்த பிறகு மிச்சம் என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறோம்? கேட்பது நம்பிக்கையின்மை என்று எண்ணுகிறோம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது எப்போது குற்றமாயிற்று?

வெறும் புனைவும் உண்டு. 2017இல் அமெரிக்காவில், எரிபொருளின்றித் தவித்த ஒரு பெண்ணுக்குத் தன் கடைசி இருபது டாலரைக் கொடுத்தார் தெருவில் வாழும் ஒருவர் என்ற கதை பரவிற்று. பதினாலாயிரம் பேர் 4 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தனர். மறு ஆண்டு, அந்த மூவரும் சேர்ந்து கட்டிய பொய் அது என்று அரசுத் தரப்பு வழக்குத் தொடுத்தது. கண்ணீர் வரவழைக்கும் கதை கச்சிதமாக இருந்தால் சற்றே நின்று பாருங்கள். உண்மைத் துயரம் பெரும்பாலும் கச்சிதமாக இருப்பதில்லை.

கருணாபுரமே இதற்குச் சாட்சி. குழந்தைகளின் படத்தைப் பார்த்து உருகிய அதே வாட்ஸ்அப் குழுக்களில், ‘குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ என்ற கேள்வியும் சீற்றத்தோடு சுற்றியது. நம் குழுக்களில் சற்று அதிகமாகவே சுற்றியது. மது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உயிர் பிழைத்துப் பார்வை மங்கிய கூலித் தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரியாதபோது, அவனுடைய பாவத்தை அளப்பது என் வேலையா? தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்தது என்று அண்ணலார் (ஸல்) அறிவித்தார்களே! அழகிய குழந்தைக்கு ஆயிரம் கை நீளும். பீடி நாற்றமடிக்கும் குருட்டு மனிதனைப் படமெடுத்துப் பரப்ப எவருமில்லை, பரப்பினாலும் பணம் வராது. கைப்பேசி நம் இரக்கத்தை இவ்வாறு பொறுக்கி எடுக்கப் பழக்கிவிட்டது.

கல்வராயன் மலையும் அப்படித்தான். கள்ளச்சாராயம் என்றாலே அந்த மலையின் பெயர் அடிபடும். அங்கு வாழும் பழங்குடி மக்களின் சாலை, பேருந்து, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. சாராய வழக்கும் அதே ஆண்டு நவம்பரில் சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது. இவற்றில் ஒன்றையேனும் ‘பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று எனக்கு எவரும் அனுப்பவில்லை. சாலையில்லாத மலைக்கு அழும் முகம் கிடையாதே!

பார்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். தெருவோரத்தில் பசித்துக் கிடப்பவரை எழுப்பி, பொட்டலம் கொடுத்து, அவர் கும்பிடுவதைப் படமாக்கும் காட்சிகள் யூடியூபில் ஏராளம். பணம் ஏதும் கொடுக்கவில்லையே, பார்க்கத்தானே செய்தேன் என்று எண்ணாதீர்கள். விளம்பர வருவாய் பார்வைகளால்தான் வருகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் படம் எடுத்தவருக்கு நாம் போடும் காசு. கும்பிட்டவருக்கு அதில் பங்கு உண்டா என்று எவரும் சொல்வதில்லை. சிலர் அந்த வருவாயைக் கொண்டே மேலும் உதவுகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கணக்கைக் காட்டலாம். முகத்தைக் காட்டாமலும் இருக்கலாம்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிய அனுமதியின்றி நிதி திரட்டுவது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. ஊரிலிருந்து வந்த படத்தைக் குழுவில் போட்டு, ‘என் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று நல்லெண்ணத்தில் எழுதுவதும் அதில் அடங்கிவிடக்கூடும்.

அந்தச் சகோதரிக்குப் பிறகு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். படத்தை அழித்துவிடச் சொன்னேன். தன்னிடமிருந்து அதைப் பெற்றவர்களிடமும் அழிக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் முதலில் மனம் வருந்தினார். பிறகு, “ஹஜரத், நம்ம மதரஸா ஆண்டுவிழாப் படத்துல எத்தீம் பிள்ளைங்கன்னு எழுதிப் போட்டீங்களே?” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தச் சுவரொட்டி அலுவலக அறையில் மாட்டியிருந்தது. அன்று மாலையே கழற்றினேன்.

எங்கள் ஜமாஅத்தில் சென்ற ரமளானுக்கு முன் கமிட்டி கூடியபோது, இனிப் படம் வேண்டாம் என்று கேட்டேன். பெரும் வாக்குவாதம். பணம் அனுப்புவோர் ஆதாரம் கேட்கிறார்களே என்றார் பொருளாளர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவில், வாங்கிய அரிசி, பருப்புக்கான ரசீதுகளும், எத்தனை வீடுகளுக்கு எத்தனை பைகள் என்ற கணக்கும், தணிக்கை செய்த இருவரின் கையெழுத்தும் அனுப்புவதென்று தீர்மானித்தோம். இஷாவுக்குப் பிறகு இளைஞர்கள் இருவர் இருவராகச் சென்று வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். முகத்தை மூடிக்கொண்ட அந்த நன்னிமாவின் ஊருக்கும் ஒரு பையை அனுப்பினேன். இம்முறை திரும்பி வரவில்லை. பெற்றுக்கொண்டார் என்றும் செய்தி வரவில்லை.

ஆண்டுதோறும் பணம் அனுப்புவோரில் ஒருவர் மட்டும், படமில்லாமல் நம்புவது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். ரசீதுகளை மீண்டும் அனுப்பினோம். அவரிடமிருந்து பதில் இல்லை. இவ்வாண்டுப் பைகளில் ஏழெட்டுக் குறையும் என்று பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.